2021-ல் வாங்கிய லேப்டாப்பும், "இன்னும் கொஞ்சம் பொறு" என்ற ஆலோசனையும்

14 அங்குலத் திரை, ரைசன் 5 5500யு பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். 2021-ன் பிற்பாதியில் வாங்கிய இந்த லேப்டாப்பில்தான் இன்றும் என் வேலை நடக்கிறது. மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவுகளை வெட்டிச் சரிசெய்வது, ஏகப்பட்ட டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது, இடையிடையே வீடியோ கால்கள். கனமான வேலை என்று சொல்ல முடியாது, ஆனால் நாள் முழுக்க ஓடும் வேலை.

வாங்கிய சமயத்தில் விவரம் தெரிந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "ஜனவரி வரை பொறு, புது தலைமுறை வருகிறது" என்பதுதான். அவர்கள் சொன்னபடியே வந்தது. 2022 ஜனவரியில் இன்டெல் தன் 12-ம் தலைமுறை லேப்டாப் சிப்களை, அதாவது பிராசஸர்களை, அறிவித்தது. அதே மாதம் ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி, டிடிஆர்5 என்ற புதுவகை ரேமும் புது கிராஃபிக்ஸும் கொண்ட ரைசன் 6000 வரிசையை அறிவித்தது. கிராஃபிக்ஸில் இரு மடங்கு வரை வேகம் என்றார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஆடுபவருக்கு அது நிஜமான பாய்ச்சல்தான், அவர் காத்திருந்திருந்தால் பலன் கிடைத்திருக்கும்.

என் வேலைக்கு? ஒரு மணி நேர ஒலிக்கோப்பை எக்ஸ்போர்ட் செய்யும்போது சில விநாடிகள் மிச்சமாகியிருக்கும். தட்டச்சு செய்வதிலும் படிப்பதிலும் எதுவும் மாறியிருக்காது. ஜனவரியில் அறிவித்த சிப் கடையில் நல்ல மாடலாகக் கிடைக்கப் பல மாதங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த மாதங்கள் முழுக்க, திறக்கவே திணறும் பழைய மெஷினில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தனை வருடப் பயன்பாட்டில் இந்த லேப்டாப்பை உண்மையிலேயே மாற்றியவை வேறு. முதலாவது ரேம். 8 ஜிபியில் ஒரு பகுதியை உள்ளமைந்த கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மீதியில்தான் பிரவுசரும் எடிட்டிங் மென்பொருளும் வாழ வேண்டும். வீடியோ காலில் இருந்துகொண்டே ஒரு பெரிய பிடிஎஃபைத் திறந்தால் டாஸ்க் மேனேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்குமேல் கணினி எஸ்எஸ்டியையே தற்காலிக ரேமாகப் பயன்படுத்த ஆரம்பிக்கும், மவுஸ் அங்கங்கே நின்று நின்று நகரும். நல்லவேளையாக இதில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருந்தது. இன்னொரு 8 ஜிபி போட்டதும் சிரமம் அடியோடு போய்விட்டது. இரண்டு ரேம் சேர்ந்ததால் டூயல் சேனலும் ஆனது, அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தரவை அனுப்பின. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அதனால் ரேமின் வேகப்பாதை இரட்டிப்பானது அதற்கும் உதவியது. வெளி மானிட்டரில் வீடியோ பார்க்கும்போதே வித்தியாசம் தெரிந்தது.

எஸ்எஸ்டியை 1 டிபிக்கு மாற்றினேன். இட நெருக்கடி தீர்ந்தது, வேகத்தில் புதிதாக எதுவும் உணரவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வரும்போது கிடைக்கும் மாற்றம் மலையளவு. ஒரு என்விஎம்இ-யிலிருந்து (இன்றைய வேகமான எஸ்எஸ்டி வகை) அடுத்த தலைமுறை என்விஎம்இ-க்குப் போவது, பெரிய பெரிய வீடியோ கோப்புகளைத் தினமும் நகர்த்துபவருக்கு மட்டும் பொருள்படும்.

பேட்டரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை. லித்தியம் அயன் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், முழு சார்ஜில் சும்மா வைத்திருந்தாலும் தேயும். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் தாங்க வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது தாங்கும் அளவு) என்று இரண்டு எண்கள் வரும். மூன்றாவது வருட முடிவில் இரண்டாவது எண், முதலாவதில் ஏறக்குறைய அறுபது சதவீதமாகிவிட்டது. ஒரிஜினல் பேட்டரி வந்து சேரக் காலம் எடுத்தாலும், மாற்றிய பிறகு வெளியே எடுத்துப் போக மறுபடி தைரியம் வந்தது. இப்போது 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பைப் போட்டிருக்கிறேன். பெரும்பாலான லேப்டாப்களில் இந்த வசதி இருக்கிறது. மேஜையில் சார்ஜரோடு வைத்தே வேலை செய்பவர்கள் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

திரையைத் திறந்து மூடும் கீலும் தளர்ந்தது. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் மேல்மூடி முழுவதையும் மாற்றச் சொன்னது. வெளியே ஒரு மெக்கானிக் திருகுகளை இறுக்கிக் கொடுத்தார், இன்றுவரை நிற்கிறது.

சரி, இவை எல்லாம் மாற்ற முடிந்தவை. எளிதில் மாற்ற முடியாமல் கூடவே இருப்பது திரை. 250 நிட்ஸ் வெளிச்சம், என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீத நிறம் மட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுத்து மங்கும், புகைப்படத்தில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். நாளெல்லாம் கண் பார்ப்பது பிராசஸரை அல்ல, திரையைத்தான். இன்று யாராவது என்னிடம் கேட்டால், எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுகோலில் 100 சதவீதம், குறைந்தது 300 நிட்ஸ், முடிந்தால் உயரம் சற்றுக் கூடிய 16:10 அளவு என்று திரையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அடுத்தது கீபோர்டு. அதற்கு அப்புறம்தான் சிப்.

அதனால் "வாங்குவதா, பொறுப்பதா" என்ற கேள்விக்கு என் பதில் இப்படி இருக்கிறது: எதற்காகக் காத்திருக்கிறோமோ அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், ஒரு தேதியும் இருக்க வேண்டும், அது உங்கள் சிரமத்தைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும். 2020 ஜூனில் ஆப்பிள், இன்டெல் சிப்களை விட்டுத் தன் சொந்த சிப்களுக்கு மாறப் போவதாகவும் முதல் மெஷின்கள் அந்த வருடமே வரும் என்றும் வெளிப்படையாகச் சொன்னது. மேக்புக் ஏர் வாங்க நினைத்தவர் நவம்பர் வரை பொறுத்திருந்தால் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 கிடைத்தது. ஃபேனே இல்லாமல் ஓடும், பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். அவசரப்பட்டு நவம்பருக்கு முன்பே இன்டெல் மேக்புக் ஏர் வாங்கியவருக்கோ, 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோ என்ற இயங்குதளப் பதிப்பு கிடைக்கவே இல்லை. அது காத்திருந்திருக்க வேண்டிய சமயம். 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை ரேம் விலை ஏறாமலே 8-லிருந்து 16 ஜிபி ஆனது. ஆனால் அதை முன்கூட்டி யாரும் அறிவிக்கவில்லை. அப்படிப்பட்டதற்கு எப்படித் திட்டமிட்டுக் காத்திருப்பது? முடியாது.

முற்றிலும் புதிய வகை ஒன்று வரும்போது முதல் தொகுதியை விட்டுவிடுவது நல்லது என்பதும் என் கருத்து. 2024 ஜூனில், மொபைல் போன் சிப்களின் வழிவந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்கள் வந்தபோது பேட்டரி அருமையாக இருந்தது. ஆனால் சில கேம்களும், சில விபிஎன் (பாதுகாப்பான இணைய இணைப்பு) மென்பொருள்களும், பழைய பிரிண்டர் டிரைவர்களும் அதில் ஓடவில்லை. அதே சமயத்தில் ஏஐ லேப்டாப்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கோபைலட் பிளஸ் முத்திரைக்கு, 40 டாப்ஸ் (விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள என்பியு, அதாவது ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, சிப்பில் வேண்டும் என்றார்கள். அதற்காக மட்டும் லேப்டாப் மாற்றும் அளவுக்கு எந்த வேலையும் என் மேஜையில் வரவில்லை. ஆனால் அந்த முத்திரைக்குக் குறைந்தது 16 ஜிபி ரேம் கட்டாயம் என்று வைத்தது எல்லாருக்கும் நல்லது செய்தது.

புதிது என்று கடையில் வைத்திருப்பது உள்ளேயும் புதிதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். என் 5500யு உள்ளே ஜென் 2 (ஜென் என்பது ஏஎம்டி சிப்பின் உள் வடிவமைப்புக்குப் பெயர்). அதே வருடம் வந்த 5600யு ஜென் 3. பெயரில் நூறுதான் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை. ரைசன் 7000 லேப்டாப் வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7520யு ஜென் 2, 7530யு ஜென் 3, 7540யு ஜென் 4. இன்டெலிலும் இதே கதைதான். 2024-ல் வந்த கோர் 7 150யு ராப்டர் லேக் என்ற பழைய வடிவமைப்பின் தொடர்ச்சி, கோர் அல்ட்ரா என்ற பெயரோடு வந்தவைதான் புது வடிவமைப்பு. கேமுக்காக வாங்குபவர்கள் கிராஃபிக்ஸ் கார்டின் வாட்டையும், அதாவது அது எவ்வளவு மின்சக்தி எடுத்து ஓடும் என்பதையும், கேட்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், பெயர் ஒன்றேதான்.

பொறுத்தால் விலை இறங்கும் என்பது பெரும்பாலும் நடப்பதுதான். புது தலைமுறை வந்ததும் முந்தைய மாடல் மலிவாகும். ஆனால் அது விதி இல்லை. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை உலகெங்கும் எகிறியது. 2025 இறுதியிலிருந்து ரேமுக்கு அதேதான் நடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தை நோக்கித் தொழிற்சாலைகள் திரும்பிவிட்டன. மைக்ரான் அந்த டிசம்பரில் குரூஷியல் என்ற தன் நுகர்வோர் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. அப்போதிருந்து "ரேமை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று யாருக்கும் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. இன்டெலின் லூனார் லேக் சிப்களில் அது சிப்போடு சேர்ந்த பொதியிலேயே இருக்கிறது, 16 அல்லது 32 ஜிபி, வாங்கும்போது எடுப்பதுதான் கடைசிவரை.

என் தங்கை போன மாதம் கேட்டாள், "அண்ணா, இப்பவே வாங்கட்டுமா, இல்ல கொஞ்ச நாள் பொறுக்கட்டுமா?" அவளுடையது 7-ம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டால் அந்த மெஷின் இன்னும் ஓடும், ஆனால் அவள் அலுவலக மென்பொருள் விண்டோஸில்தான் இயங்கும். "பொறுக்க வேண்டாம்மா, இப்பவே வாங்கு" என்றேன். முந்தைய தலைமுறை சிப், 16 ஜிபி ரேம், நல்ல திரை, யுஎஸ்பி-சி சார்ஜிங் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

என்னுடையதை நான் மாற்றவில்லை. மெமரி இப்போது 70 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, பேட்டரி புதிது, விண்டோஸ் 11 ஓடுகிறது. மதர்போர்டு போனால் அன்றே கடைக்குப் போவேன், எந்த அறிவிப்புக்கும் நிற்க மாட்டேன்.

தங்கையிடம், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடச் சொன்னது இவ்வளவுதான்: பேட்டரி ரிப்போர்ட் எடுத்து இரண்டு எண்களையும் ஒப்பிடு, கறுப்பு வெள்ளை முழுத்திரை வைத்து இறந்த பிக்சல் (வேலை செய்யாத திரைப் புள்ளி) இருக்கிறதா பார், எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் ஏதாவது செருகிப் பார், ஒரு மணி நேரம் வீடியோ கால் ஓட்டி ஃபேன் சத்தத்தையும் உள்ளங்கைச் சூட்டையும் கவனி.