கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடை

போர்க்காலத்து ரஷ்யப் பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டி, மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள பழைய புத்தகக் கடைக்குக் கடந்த மாதம் இருமுறை போய்வந்தேன். ஒரு காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் வேன் வந்து நிற்கும்போது டெல்டாக்காரர்கள் வாங்கிவைத்த சோவியத் வெளியீடுகள், வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளின் கையால் எடைக்குப் போய் இங்கே வந்து சேர்கின்றன.

தமிழும் ஆங்கிலமுமாக 7 புத்தகங்கள் கொண்ட கட்டு 300 ரூபாய். பிரித்துத் தரமாட்டார்கள், அதில் எனக்கு வருத்தந்தான். ஆயினும் 1941 அக்டோபரில் சோவியத் விமானி மரினா ரஸ்கோவா உருவாக்கிய மூன்று பெண்கள் விமானப் படைப்பிரிவுகளைப் பற்றிய பகுதி ஒன்றே அந்தப் பணத்துக்குத் தகும். அவற்றுள் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவினர், ஒட்டுப்பலகையாலும் துணியாலும் ஆன போ-2 என்னும் பயிற்சி விமானங்களில் பறந்து, இலக்கை நெருங்கியதும் எஞ்சினை அடக்கிச் சறுக்கி வந்து குண்டு வீசியதால், ஜெர்மானியர் அவர்களை 'இரவுச் சூனியக்காரிகள்' என்று அழைத்தார்கள். அந்தப் பிரிவில் மட்டும் 23 பேர் 'சோவியத் ஒன்றிய வீரர்' என்னும் மிக உயரிய பட்டம் பெற்றார்கள்.

என்னை அதிகம் நிறுத்தியவை கிராமங்களைப் பற்றிய பக்கங்களே. ஆண்களும் குதிரைகளும் போர்முனைக்குப் போய்விட, கூட்டுப்பண்ணைகளில் டிராக்டர் ஓட்டியவர்கள் பெண்கள்; சில இடங்களில் ஏரைத் தோளில் கட்டி இழுத்தவர்களும் அவர்களே. நடவும் களையும் பெண்களுக்கு, ஏர் ஆண்களுக்கு என்று பார்த்து வளர்ந்த தஞ்சாவூர்க்காரனுக்கு இது எளிதில் கடந்துபோகும் செய்தியன்று.

இந்தப் புத்தகக் கட்டுக்குள் இல்லாதவற்றையும் சொல்லவேண்டும். 1917 மார்ச் 8 அன்று அப்போதைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் நெசவாலைப் பெண்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் விரிவாக உள்ளது. அதே ஆண்டு மரியா போச்கரேவா திரட்டிய பெண்கள் படையோ, பின்னர் போல்ஷெவிக்குகள் கவிழ்த்த இடைக்கால அரசுக்காகப் போரிட்டது என்பதாலோ என்னவோ, ஒரு வரியிலும் இல்லை. மணவிலக்கைக் கடினமாக்கி, 10 குழந்தைகளை வளர்த்தவருக்கு 'வீரத்தாய்' பட்டம் அளித்த 1944 ஜூலைச் சட்டம் வெறும் பெருமையாகவே வருகிறது. துப்பாக்கி ஏந்திய பெண் தொட்டிலுக்குத் திரும்ப அழைக்கப்பட்ட கதையை வேறெங்கோதான் தேடவேண்டும். இது கடையின் குற்றமன்று.

கடையின் குற்றம் வேறு: ஒரு புத்தகத்தில் நடுவே 16 பக்கங்கள் இல்லை. இரண்டாம் முறை எடுத்துப்போனபோது, பெரியவர் மறுபேச்சின்றி வேறு பிரதி கொடுத்தார். வாங்குபவர்கள் அங்கேயே பக்கங்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடை அடைத்திருக்கும்.