பேசி ஆற்றுவதா, நினைவைத் தொடுவதா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் தோழி தெரபிக்குப் போக முடிவெடுத்தபோது அவளுக்கு வயது 34. பாலியல் கொடுமை நடந்தது ஒன்பது வயதில். "இப்ப நல்லாயிட்டு, நாலு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துடுமா?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி. அவளுக்காகத் தேடிப் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

இன்றைய பிரச்சினைகளை மட்டும் பேசும் கவுன்சலிங் ஒரு வழி. தூக்கம், ஆபீஸ், கணவரோடு சண்டை. பழையதைத் தோண்டுவதில்லை. இதை லேசாக எண்ண வேண்டாம். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், நினைவுகளை நேரடியாக எதிர்கொண்ட குழுவின் 29 பேரில் 12 பேர் பாதியிலேயே விலகினார்கள். கவுன்சலிங் குழுவில் 22 பேரில் 2 பேர்தான். ஆனால் கடைசிவரை இருந்தவர்களைச் சில மாதம் கழித்துப் பார்த்தபோது, பி.டி.எஸ்.டி. எனும், அதிர்ச்சி விட்டுப்போகும் மனநோயிலிருந்து மீண்டவர்கள் நினைவை எதிர்கொண்ட குழுவில்தான் அதிகம்.

சரி, விலகாமல் நினைவைத் தொட வழி உண்டா? 2020-இல் வந்த ஓர் ஆய்வு எனக்குப் பெரிய தெம்பு தந்தது. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நெதர்லாந்தில் 155 பேர். எல்லோரும் 16 வயதுக்குள் மனக்காயம் பட்டவர்கள். பாதிப் பேருக்கு, கண்ணை இடவலமாக அசைத்தபடி நினைவுகூரும் இ.எம்.டி.ஆர். மீதிப் பேருக்குக் காட்சியை மாற்றி எழுதும் முறை: கண்ணை மூடி அந்த அறைக்குத் திரும்புகிறீர்கள், வளர்ந்த நீங்களே கதவைத் திறந்து உள்ளே போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறீர்கள். முன்தயாரிப்புக்கென்று மாதக்கணக்கில் இழுக்கவில்லை. அதிகபட்சம் 12 செஷன். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட விலகவில்லை. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது, இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

தன்னையே காயப்படுத்திக்கொள்பவர்களுக்கு, உணர்ச்சியைச் சமாளிக்கக் கற்றுத்தரும் டி.பி.டி. கலந்த ஒரு வருட சிகிச்சை இருக்கிறது. செலவும் நாளும் கூடுதல்தான், ஆனால் அவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எந்த ஆய்விலும் நான் பார்க்காத ஒன்று, மொழி. இந்திராநகரில் அவளுக்குக் கிடைத்த தெரபிஸ்ட் ஆங்கிலத்தில்தான் பேசினார். பல வாரம் "அங்கிள்" என்று சொல்லித் தடுமாறாமல் பேசியிருக்கிறாள். அப்புறம் தமிழ் தெரிந்தவரிடம் மாறினாள். முதல் நாளே "சித்தப்பா" என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. அவளுக்குச் சிகிச்சை உண்மையில் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதனால் நேரம் வாங்கும்போதே இரண்டு கேளுங்கள்: நினைவுகளைத் தொடும் பயிற்சி பெற்றவரா? தமிழில் பேசலாமா? எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416. தமிழிலும் பேசலாம்.