ஏ.டபிள்யூ.எஸ்ல பாஸ்வேர்டு பஞ்சாயத்து: ஐ.ஏ.எம்மா, ஐடென்டிட்டி சென்டரா?

நம்ம ஆபீஸ் காட்பாடி காந்தி நகர்ல, மொத்தம் 26 பேரு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்குற ஷூ கம்பெனிங்களுக்கு ஸ்டாக்கு, ஆர்டர் பாக்குற சாஃப்ட்வேர் பண்றோம், எல்லாம் ஏ.டபிள்யூ.எஸ்ல, அதாவது அமேசான் வாடகைக்கு விடற கிளவுடுல ஓடுது. கிளவுடு பாத்துக்க தனி டீம்லாம் கெடையாது, கோடும் எழுதிக்கினு அதையும் நான்தான் பாக்கறேன். யூசர் பாஸ்வேர்டு விஷயத்துல மூணு வழியும் பாத்தாச்சு. முதல்ல எல்லாம் நானே மாத்திக் குடுத்தேன், அப்பால ஐ.ஏ.எம்ல (ஏ.டபிள்யூ.எஸ் அக்கவுண்ட்டுக்குள்ளயே யூசர், பெர்மிஷன் வைக்கற இடம்) அவங்கவங்களே மாத்திக்கட்டும்னு விட்டேன், இப்ப எட்டு மாசமா ஐடென்டிட்டி சென்டர் (எல்லாருக்கும் ஒரே எடத்துல லாகின் குடுக்கற ஏ.டபிள்யூ.எஸ்ஸோட தனி சர்வீஸ்). நான் எந்தப் பக்கம்னு மறைக்க ஒண்ணுமில்ல, ஐடென்டிட்டி சென்டர்தான்.

அட்மினே மாத்திக் குடுக்கறதப் பத்தி ரொம்பப் பேச வேணாம். யூசரைத் திறந்து, புது பாஸ்வேர்டு தானா உருவாக்கச் சொல்லி, அடுத்த லாகின்ல மாத்தியே ஆகணும்னு டிக் போட்டா முடிஞ்சுது. வேலை இன்னாவோ ஒரு நிமிஷம்தான். ஆனா அந்த பாஸ்வேர்டை அந்த ஆளுகிட்ட எப்படிச் சேக்கறது? வாட்ஸப்தான். என் போன்ல மேல தள்ளிப் பாத்தா ரெண்டு வருஷத்து பாஸ்வேர்டு வரிசையா நிக்கும். அஞ்சாறு பேருக்கு மேல போச்சுன்னா இந்த வழி வேணாம்.

ரெண்டாவது வழி, அவங்களே மாத்திக்கறது. அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டு பாலிசியில யூசர்ங்க தன் பாஸ்வேர்டைத் தானே மாத்தலாம்னு ஒரு பெட்டி இருக்கு, அதை டிக் பண்ணாப் போதும். இல்ல சில பேருக்கு மட்டும்தான்னா அதுக்குன்னே ரெடியா ஒரு பெர்மிஷன் பாலிசி இருக்கு, அதை அவங்க யூசர்ல ஒட்டிவிடலாம். மாத்தும்போது எர்ரர் வந்தா மட்டும் குழப்பம்தான், உனக்கு மாத்த பெர்மிஷன் இல்ல, இல்லாட்டி நீ போட்ட பாஸ்வேர்டு பாலிசிக்கு ஒத்துவரலன்னு ரெண்டுக்கும் சேத்து ஒரே மெசேஜா வரும், எதுன்னு நாமதான் போய்ப் பாக்கணும். எம்.எஃப்.ஏ (பாஸ்வேர்டுக்கு மேல போன் நம்பரோ சாவியோ கேக்கற ரெண்டாவது பூட்டு) இல்லாம எதையும் தொடக்கூடாதுன்னு கெடுபிடி பாலிசி போட்டிருந்தா இன்னொரு கூத்து, புதுசா வந்த பையன் முதல் லாகின்லயே பாஸ்வேர்டு மாத்த முடியாம முழிப்பான், ஏன்னா மாத்தறதையும் அதே பாலிசி தடுத்துடும்.

இதுல நான் வாங்குன அடியச் சொல்றேன். ஒரு கிளையன்ட்டோட ஆடிட் ஷீட்ல பாஸ்வேர்டு 90 நாள்ல எக்ஸ்பைரி ஆகணும்னு ஒரு வரி இருந்துச்சு. ஐ.ஏ.எம்ல 1 நாள்லேந்து 1095 நாள் வரைக்கும் எது வேணா வைக்கலாம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் 90 போட்டேன், அதுக்குக் கீழ இருந்த இன்னொரு பெட்டியையும் சேத்து டிக் பண்ணிட்டேன். எக்ஸ்பைரி ஆனா அட்மின்தான் ரீசெட் பண்ணணும்னு சொல்ற பெட்டி அது. பாலிசியில நீளம் கீளம் மாத்துனா அடுத்த தடவ பாஸ்வேர்டு மாத்தும்போதுதான் புடிக்கும், ஆனா எக்ஸ்பைரி அப்படி இல்ல, போட்ட உடனே புடிச்சுக்கும். நம்ம ஆளுங்க பாதிப்பேரு சேந்த அன்னிக்கு வச்ச பாஸ்வேர்டை இன்னும் மாத்தல. வழக்கமா 15 நாள் முன்னாடியே கன்சோல்ல (பிரவுசர்ல லாகின் பண்ற பக்கம்) எச்சரிக்கை வர ஆரம்பிக்கும், ஏற்கெனவே கெடு தாண்டுன பாஸ்வேர்டுக்கு அது எங்கேந்து வரும்.

சனிக்கிழமை காலைல அந்தப் பாதிப்பேர்ல யாரும் உள்ள போக முடியல. நானும்தான். இருந்த ஒரே அட்மின் யூசர் என்னுது, அதுவும் எக்ஸ்பைரி. அக்ஸஸ் கீ (பாஸ்வேர்டு இல்லாமலே கமாண்டும் ஸ்கிரிப்ட்டும் உள்ள போற சாவி) வச்சிருந்தா கமாண்டு லைன்ல தப்பிச்சிருப்பேன், செக்யூரிட்டின்னு பெருமையா ஒரு மாசம் முன்னாடிதான் அதை அழிச்சிருந்தேன். ரூட் யூசருக்கு, அதாவது அக்கவுண்ட் தொடங்கும்போதே வர்ற முதல் யூசருக்கு, இந்த பாலிசி பொருந்தாது, அது ஒண்ணுதான் வழி. ரூட் பாஸ்வேர்டு பீரோவுல கவர்ல இருக்கு, எம்.எஃப்.ஏ முதலாளி போன்ல. அவரு ஆம்பூர்ல ஒரு கிளையன்ட் வீட்டு நிக்காஹ்ல இருக்காரு. போன் போட்டா பின்னாடி ஒரே தட்டு சத்தம், "இருப்பா இருப்பா, வெளிய வரேன்"னாரு, வந்து கண்ணாடியத் தேடிப் போட்டுக்கினு ஆறு நம்பரை ஒண்ணொண்ணா படிச்சு முடிக்கறதுக்குள்ள 30 செகண்டு ஓடி நம்பர் மாறிடுச்சு. மூணாவது தடவதான் உள்ள போனேன். தப்பு முழுக்க என்னுதுதான், ஒரே ஒரு அட்மினை வச்சுக்கினு அந்தப் பெட்டியத் தொட்டிருக்கக் கூடாது. இப்ப ரூட்டுக்கு ரெண்டாவதா ஒரு எம்.எஃப்.ஏ சாவி சேத்து பீரோவுல வச்சாச்சு, 8 வரைக்கும் சேக்க விடறான்.

ஆனா நான் மாறுனதுக்குக் காரணம் அந்த சனிக்கிழமை இல்ல, அது ஒரு நாள் கூத்து. காரணம் எங்க அக்கவுண்ட்ஸ் அக்கா.

பாஸ்வேர்டு மாத்தறது எப்படின்னு எல்லாரும் பேசுறாங்க, ஆனா என் நேரத்தத் தின்னது மாத்தறது இல்ல, மறக்கறது. டெவலப்பர்ங்க தினம் லாகின் பண்றாங்க, அவங்களுக்கு மறக்காது. அக்கா மாசத்துக்கு ஒரு தடவதான் உள்ள போவாங்க, ஜி.எஸ்.டிக்கு பில்லு டவுன்லோடு பண்ண. மாசம் பொறந்து முதல் வாரம் ஆனா போதும், "தம்பி, இது இன்னாப்பா தப்பு பாஸ்வேர்டுங்குது, நான் கரெக்டாத்தான் அடிக்கறேன்"னு வந்து நிப்பாங்க. ஐ.ஏ.எம் யூசருக்கு மறந்துபோச்சுன்னா தானே மீட்டுக்கற வழியே கெடையாது. ரூட் யூசருக்கு மட்டும்தான் மெயில் மூலமா ரீசெட் உண்டு, மத்தவங்க எல்லாம் அட்மினைப் பாருங்கன்னு சொல்லிடும். தானே மாத்திக்கற வசதி இருந்தாலும் பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சாத்தானே மாத்த முடியும்? அப்ப ரெண்டாவது வழியும் சுத்தி வந்து முதல் வழியிலதான் முடியுது, திரும்ப வாட்ஸப்தான். சில மாசம் நானே பில்லை எடுத்து அக்காவுக்கு மெயில் போட்டுட்டேன், பாஸ்வேர்டு ரீசெட் பண்றதுக்கு இதுவே மேலுன்னு. எக்ஸ்பைரி வேற வச்சா மறக்கறது இன்னும் ஜாஸ்தி, கடைசியில மானிட்டர் அடியில சீட்டு ஒட்டிடறாங்க. அமெரிக்க அரசோட தர நிர்ணய அமைப்பு நிஸ்ட்டே 2017ல, சும்மா நாள் கணக்கு வச்சு மாத்தச் சொல்லாதீங்க, கசிஞ்சதுன்னு தெரிஞ்சா மாத்துங்கன்னு சொல்லிட்டான்.

ஐடென்டிட்டி சென்டர்ல இந்த ஒரு தொல்லை அப்படியே போயிடுது. முன்ன ஏ.டபிள்யூ.எஸ் எஸ்.எஸ்.ஓ (சிங்கிள் சைன் ஆன்)ன்னு இருந்துச்சே, 2022ல பேரு மாத்துனாங்க, அதேதான். தனியா காசு கெடையாது. யூசர் பேரு போட்டு பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு அமுக்குனா மெயிலுக்கு லிங்க் வரும், அவங்களே புதுசு வச்சுக்கலாம், நான் நடுவுலயே இல்ல. நானே ரீசெட் பண்ணணும்னாலும் மெயில் அனுப்பு, இல்ல ஒரு தடவ மட்டும் செல்லற பாஸ்வேர்டு குடுன்னு ரெண்டு வழி இருக்கு. டெவலப்பர்ங்களுக்கு நெரந்தர அக்ஸஸ் கீ வேணாம், கமாண்டு லைன்லயும் தற்காலிக கீதான், அது தானா காலாவதி ஆகிடும். ஐ.ஏ.எம்ல பாஸ்வேர்டை மாத்துனாலும் அந்த ஆளோட அக்ஸஸ் கீ பாட்டுக்கு வேலை செய்யும். ஒருத்தன் வேலையை விட்டுப் போனான், பாஸ்வேர்டை மாத்திட்டோம் நிம்மதின்னு நெனைக்கறவங்க இதைக் கொஞ்சம் போய்ப் பாருங்க.

குறையும் இருக்கு. இதோட சொந்த டைரக்டரியில (யூசர் பட்டியல்) பாஸ்வேர்டு விதிங்க நாம மாத்த முடியாது, 8லேந்து 64 எழுத்து, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், குறி நாலும் இருக்கணும், கடைசி மூணு பாஸ்வேர்டைத் திரும்ப வைக்க முடியாது, வெளிய கசிஞ்ச லிஸ்ட்ல இருக்குறதும் ஆகாது, அவ்ளோதான். 90 நாள் எக்ஸ்பைரி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கற ஆடிட்டர் இருந்தா இது ஆகாது, ஐ.ஏ.எம்தான் போகணும், இல்ல கூகுள், மைக்ரோசாஃப்ட் மாதிரி வெளி டைரக்டரிய இணைச்சு விதியெல்லாம் அங்க வைக்கணும். நாங்க எம்.எஃப்.ஏவும் நிஸ்ட் பேரும் காட்டிப் பேசிப் பாத்தோம், எங்க கிளையன்ட் ஒத்துக்கிட்டாரு, உங்க ஆளு ஒத்துப்பாரான்னு நீங்கதான் பாக்கணும். ஏ.டபிள்யூ.எஸ் ஆர்கனைசேஷன்ஸ் (அக்கவுண்ட்டுங்கள ஒரே குடையில சேக்கறது) போட்டாத்தான் அக்கவுண்ட் அக்ஸஸ் குடுக்க முடியும். ரீஜனை (எந்த ஊரு டேட்டா சென்டர்னு) முதல்லயே யோசிச்சு வைங்க, நாங்க மும்பை வச்சோம், அப்புறம் மாத்தணும்னா அழிச்சுட்டு முதல்லேந்து போடற வேலை. போனைத் தொலைச்சுட்டு எம்.எஃப்.ஏ போச்சுன்னு வந்தா அது இன்னும் என் தலையிலதான். மெயில் பாஸ்வேர்டே மறந்தவங்களுக்கும் அதே கதைதான்.

கூகுளோட இணைக்கறது ஒரு கிளையன்ட்டுக்கு மட்டும் பண்ணிக் குடுத்தேன், ரெண்டு மாசம்தான் ஆச்சு, இதுவரைக்கும் தொந்தரவு இல்ல, ஆனா அங்க மொத்தமே ஏழு பேரு, அத வச்சு நூறு பேரு கம்பெனிக்கு நான் சொல்லக் கூடாது. ரெண்டு மூணு பேரு மட்டும் இருக்குற கடையின்னா ஐ.ஏ.எம்லயே தானே மாத்திக்கற பெட்டிய டிக் பண்ணிட்டு எம்.எஃப்.ஏ போட்டு ஓட்டுங்க, ரெண்டு அட்மின் மட்டும் கண்டிப்பா வைங்க.

மாறுறதுக்கு எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு, அதுல பாதி நாள் பழைய ஸ்கிரிப்ட்டுங்க எந்த கீய வச்சு ஓடுதுன்னு தேடுனதுதான். அக்காவுக்கு முதல் மாசம் பக்கத்துல உக்காந்து காட்டிக் குடுத்தேன். ரெண்டாவது மாசமும் மறந்துட்டாங்க, அந்த லிங்கை அமுக்கி அவங்களே வச்சுக்கிட்டாங்க. இந்த மாசம் பில்லு எடுத்தாச்சான்னு நேத்து நானே போய்க் கேட்டா, அது போன வாரமே ஆடிட்டருக்குப் போயிடுச்சுப்பான்னாங்க.