வாசிகசாலையில் நடக்கும் பல்கலைக்கழக வழிகாட்டல்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில், சனசமூக நிலைய வாசிகசாலையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்காக நடத்தப்படும் இலவச வகுப்பையும் பல்கலைக்கழக அனுமதி வழிகாட்டலையும் பற்றியது இம்மதிப்பீடு. இடத்தைச் சனசமூக நிலையமும், செலவை வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களும், உழைப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் கொடுக்கிறார்கள். கடற்றொழிலாளியின் மகளான என் பெறாமகள் உயிரியல் பிரிவில் படித்த காலம் முழுவதும் அங்கே போனாள். அவளோடு நானும் அடிக்கடி போனதால் நடப்பவற்றை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

அன்றைய இலங்கைக் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது முதல் அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டவேண்டிய தேவை இந்நாட்டில் இல்லை. ஆனால் அந்த வாசல் வரை போய்ச் சேருவதற்கு, பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் தனித்தனியாகத் தனியார் கல்வி நிலையங்களில் மாதாமாதம் பணம் கட்டவும், பஸ்ஸுக்கும் அச்சடித்த குறிப்புகளுக்கும் செலவழிக்கவும் வேண்டியிருக்கிறது. கடலுக்குப் போகாத மாதத்தில் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் அன்றாடக் கேள்வி. இச்சேவை பிறந்ததும் அந்தக் கேள்வியிலிருந்துதான்.

வகுப்புகளின் தரம் ஒரே சீராக இல்லை. கடந்தகால வினாத்தாள்களை வைத்து இரசாயனவியல் கற்பிக்கும் முறை மிகவும் நன்று; பிள்ளை எழுதிய விடையைப் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டு, எந்தப் படியில் புள்ளி போயிற்று என்று அவளையே சொல்ல வைக்கிறார்கள். பௌதிகவியலுக்கு வருபவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். அவர்களுக்குத் தமது பரீட்சை வந்துவிட்டால் வகுப்பு நின்றுவிடுகிறது. ஆகவே இதை மட்டும் நம்பி உயர்தரத்தைப் படித்து முடிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இச்சேவையின் உண்மையான பெறுமதி பெறுபேறு வெளிவந்த பிறகுதான் தெரிகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன என்பதும், அதனால் ஒரே கற்கைநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்கு வேண்டிய மிகக் குறைந்த புள்ளி, வேறுபடும் என்பதும், பல்கலைக்கழகம் போன எவரும் இல்லாத வீட்டில் யாருக்குத் தெரியும்? அனுமதியைக் கவனிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அங்கே ஒரு நீண்ட மேசையில் விரித்து வைத்து, தன் தெரிவு வரிசையை ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் கொப்பித் தாளில் பென்சிலால் எழுதச் சொல்கிறார்கள். அதன் பின்னர்தான் இணையத்தில் விண்ணப்பிக்கக் கணினியைத் திறக்க விடுகிறார்கள்.

என் பெறாமகள் போன வருடத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, தான் விரும்பிய தாதியியலைக் கீழே தள்ளியிருந்தாள். "அக்கா, சித்த மருத்துவத்தை மேல போடட்டோ?" என்று கேட்டாள். "உமக்கு எது வேணும் எண்டதை முதல் சொல்லும், புள்ளியைப் பிறகு பாப்பம்" என்றார் அங்கே வழிகாட்டிய பல்கலைக்கழக மாணவி. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினார்: புள்ளி போதுமான தெரிவுகளுள் எது மேலே இருக்கிறதோ அதுவே கிடைக்கும், ஆகவே எட்டாது என்று நினைப்பதை மேலே எழுதுவதால் கீழே உள்ளவை கெட்டுப்போவதில்லை, விரும்பாத ஒன்றை மேலே எழுதினால்தான் அதுவே வந்து சேர்ந்துவிடும். ஒரே கற்கைநெறியானாலும் யாழ்ப்பாணமும் பேராதனையும் வெவ்வேறு தெரிவுகள் என்பதையும் அன்றுதான் அவள் அறிந்தாள். இப்படிப் பக்கத்தில் இருந்து சொல்ல ஓர் ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை, கணினிக் கடையில் பணம் கொடுத்து அவசரத்தில் விண்ணப்பம் நிரப்பிய பெற்றோர் அறிவார்கள். மருதனார்மடத்தில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைப் பிரிவில் இசையோ நடனமோ படிக்க விரும்புபவர்களுக்கு உளச்சார்புப் பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் வழிகாட்டுபவர்கள் நினைவூட்டத் தவறுவதில்லை.

அனுமதி கிடைத்ததும் சேவை முடிந்துவிடுவதில்லை. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பெரிய ஆதாரமே, ஆனாலும் அதன் முதற் கொடுப்பனவு கைக்கு வருவதற்குள் மாதங்கள் கடந்துவிடும். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ பேராதனைக்கோ போகும் பிள்ளைக்கு அந்த இடைவெளிதான் மிகக் கடினமான காலம். அதைச் சமாளிக்கப் பழைய மாணவர்கள் மாதாந்தம் ஒரு சிறு தொகையை வங்கிக் கணக்கில் இடுகிறார்கள், திருப்பிக் கேட்பதில்லை.

இந்த உதவியைக் கொடுக்கும் விதத்தில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. முதற் கொடுப்பனவு நாளில் பிள்ளைகளையும் தாய்மாரையும் வரிசையில் நிறுத்தி, கடித உறையோடு படம் எடுத்து, நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதோடு முகநூலிலும் இடுகிறார்கள். கணக்கு ஒளிவுமறைவின்றி இருக்கவேண்டும் என்பது நியாயமே. அதற்கு வங்கிச் சிட்டையும் பல்கலைக்கழகப் பதிவுக் கடிதமும் போதும். தன் வறுமை ஊருக்கெல்லாம் காட்டப்பட்டுவிட்டதே என்று பெறாமகளின் தாயான என் தங்கை அன்றிரவு சாப்பிடாமலே படுத்தாள். நிர்வாகத்தினரிடம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அடுத்த தொகுதிக்கும் படம் எடுத்தார்கள்.

இன்னொரு குறை, பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களை அநேகமாக மறந்துவிடுவது. உயர்தரம் எழுதுபவர்களுள் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழக இடம் இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. கல்வியியற் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா ஆகியவற்றுக்கும் அதே மேசையில் ஒரு மாலையை ஒதுக்கலாம். அறிவுறுத்த ஆட்களும் இருக்கிறார்கள். கேட்டால் தனியே சொல்கிறார்கள், ஒழுங்காக நடத்துவதில்லை.

இக்குறைகள் இருந்தும் இச்சேவையை நான் மனமுவந்து பரிந்துரைக்கிறேன். பெறுபேறு வரும் வரை காத்திராமல், பரீட்சை முடிந்த கையோடு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். விண்ணப்பக் காலத்தில் மேசையில் இடம் கிடைப்பது கடினம். போகும்போது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் வருமான உறுதிப்படுத்தல் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோவது நல்லது. படத்துக்கு நிற்க விருப்பமில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.