பழைய மாஸியா, மினி டிராக்டரா, டில்லரா?

திருப்போரூர், செங்குன்றம், மதுராந்தகம் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் தோப்பு வாங்கிப்போட்ட சென்னைக்காரர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு யோசனை வரும். ஒவ்வொரு உழவுக்கும் வாடகை வண்டிக்குக் காத்துக்கிடப்பதா, பழைய வண்டி ஒன்றைப் பார்த்து முடித்துவிடுவதா? தேட ஆரம்பித்தால் அதிகம் கண்ணில் படுபவை மூன்று: 35 குதிரைத்திறன் வட்டாரத்து மாஸி பெர்குசன் 1035, 18.5 குதிரைத்திறன் மிட்சுபிஷி சக்தி மினி டிராக்டர், 12-13 குதிரைத்திறனில், பின்னால் நடந்தபடி ஓட்டும் காம்கோ அல்லது வி.எஸ்.டி. பவர் டில்லர்.

பலரும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே மயங்கிவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு: பழுதானால் எதை, எவ்வளவு தூரம் பிரிக்கவேண்டிவரும்?

இந்தக் கணக்கில் மாஸிக்கு ஊரே துணை. அதைத் தயாரிக்கும் டாஃபே 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனி. 1035-க்குள் இருக்கும் மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சினும் சென்னைச் செம்பியத்துச் சரக்குதான். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும்; அதைப் பிரித்துக் கோத்த கைகளுக்கும் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் பஞ்சமில்லை. எனவே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று புகை வந்தாலோ, சைலன்சரில் நீலப்புகை நின்றாலோ ஓடிவிட வேண்டாம். எஞ்சின் வேலைக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் முக்கியம்: நீங்கள் போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையிலேயே யாரோ கிளப்பி ஓடவிட்டிருக்கிறார்கள்; குளிர்ந்த எஞ்சின் கிளம்பச் சிரமப்படுகிறதா என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மாஸியில் எனக்கு உண்மையான பயம் லிஃப்டில்தான், அதாவது பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பில். ஹைட்ராலிக் பம்ப் வெளியே தெரியாது. நடு ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கி, பி.டி.ஓ. ஷாஃப்டால் (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு எஞ்சின் சுழற்சியைக் கொடுக்கும் தண்டு) ஓடும். பி.டி.ஓ. லீவரைப் போடாமல் லிஃப்ட் தூக்காது. இது தெரியாமல் நல்ல வண்டியை வேண்டாமென்று திரும்பிவந்தவர்கள் உண்டு. எதையும் மாட்டாமல் லிஃப்டின் கைகளை மட்டும் தூக்கிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பது கொழு கலப்பையை மாட்டச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் எஞ்சின் ஓடும்போதே கலப்பை விட்டுவிட்டுத் தலையாட்டினால் உள்ளே கசிவு. எஞ்சினை நிறுத்தியதும் தொப்பென்று விழுந்தாலும் அதே கதை. சரிசெய்ய எண்ணெய் முழுவதையும் வடித்து, சீட்டோடு மேல் கவரைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு உள்ளே இன்னும் என்னென்ன தெரியவரும் என்பதற்கு எந்த மெக்கானிக்கும் முன்கூட்டி விலை சொல்லமாட்டார்.

அந்த எண்ணெயையும் குச்சியில் எடுத்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கம் நின்ற தண்ணீரை நாம் பார்த்தோமே. அந்தப் பக்கத்து வண்டி புதுப் பெயின்ட்டில் மினுக்கினால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். ஈ.சி.ஆர். ஓரத்து வண்டியென்றால் ரிம்மின் உள்பக்கத்தையும் பேட்டரித் தட்டையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் முதலில் தின்னும்.

தோப்புக்குள் மாஸி நுழையாது என்று சொல்லி மினி டிராக்டரை விற்பார்கள். முழுக்க நம்பவேண்டாம். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னைக்குள் மாஸி தாராளமாகப் போகும். ஊடே ஆறேழு அடிக்கு ஒரு வாழை இருந்தாலோ, சொட்டுநீர்க் குழாய் ஓடினாலோதான் மினிக்கு வேலை. அங்கே அதற்கு ஈடில்லை.

ஆனால் மினியில் எஞ்சினைவிட முன்சக்கர இழுவையைப் பாருங்கள். முன் டயர்கள் கம்பெனி சொன்ன சைஸில் இருக்கின்றனவா, இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? முன் அச்சு சீல்களில் எண்ணெய்க் கசிவு உண்டா? நான்கு சக்கர லீவரைப் போட்டபடியே தார் ரோட்டில் டிரெய்லர் இழுத்த வண்டியென்றால் பல் சக்கரங்கள் அடிவாங்கியிருக்கும். ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கிக் கால்மணி நேரம் ஓட்டினால் சூடும் புகையும் உண்மையைச் சொல்லிவிடும். பாகங்களுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டில்லரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ட், கத்தி, செயின் கேஸ் கசிவு, இருபக்க ஸ்டீயரிங் கிளட்ச், இவ்வளவுதான். பிரித்தால் கையைக் கடிக்காத வண்டி. சேற்று உழவுக்கு அருமை. சித்திரை வெயிலில் அதன் பின்னால் நடக்க ஆள் இருக்கிறாரா என்று மட்டும் யோசியுங்கள். ஒரு ஏக்கருக்குள் என்றால் நான் இதையே வாங்குவேன். இரண்டு ஏக்கர் தென்னை, டிரெய்லர் வேலையும் உண்டென்றால், லிஃப்ட் தேறிய மாஸி.

டிராக்டர் எதுவானாலும் சேசிஸ், எஞ்சின் எண்களை ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். தாண்டியிருந்தால் புதுப்பித்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் கடன் ஏறியிருந்தால் அதை நீக்க வங்கிக் கையெழுத்தோடு படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவை கைக்கு வரும்வரை டோக்கன் அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாய் தரவேண்டாம், விற்பவர் சொந்த மச்சானாகவே இருந்தாலும்.