ஹார்ட் டிஸ்க் மாத்தினேன், 1397 ஜிபிய காணோம்! ராம்நாடு, கீழக்கரை பக்கம் இருக்கவங்க கொஞ்சம் படிங்க

கீழக்கரைல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்லதான் ஓடுது. அதுல இருந்தது 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஒரு நிக்காஹ்வுக்கே எவ்வளவு ஃபுட்டேஜ் வரும்னு தொழில்ல இருக்கவங்களுக்கு தெரியும், சி டிரைவ் வருசம் பூரா சிவப்புலயே நிக்கும்.

சரின்னு ஆன்லைன்ல ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். நமக்கு கேபினெட்ட திறக்குறதுன்னாலே கை நடுங்கும் (உப்புக்காத்துல ஸ்க்ரூ எல்லாம் துருப்புடிச்சு கெடக்கு, அது வேற), அதனால ராம்நாட்டுல ஒரு சர்வீஸ் கடைல குடுத்து, விண்டோஸு சாஃப்ட்வேரு எதுவும் மாறாம அப்படியே புதுசுக்கு வரணும் தம்பி, குளோனிங் பண்ணிக் குடுன்னேன். 800 ரூபா. மறுநாள் ஆன் பண்ணி காட்டினான், வால்பேப்பர் வரைக்கும் அப்படியே இருந்துச்சு, காச குடுத்துட்டு சிபியுவ மடில வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். எவ்வளவு இடம் காட்டுதுன்னு அங்கயே பாக்காம வந்தேன் பாருங்க.

ஸ்டூடியோல வந்து பாத்தா சி டிரைவ் 464 ஜிபி. பழசுல இருந்த அதே அளவு, அதே சிவப்பு. போன் போட்டேன். "பாய், எல்லா ஹார்ட் டிஸ்க்கும் கொறச்சுதான் காட்டும்"ங்கிறான். கொறச்சு காட்டுறது நிஜந்தான், கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், விண்டோஸ் 1024-ஆ எண்ணும், அதனால 2 டிபி வாங்கினா 1863-னுதான் காட்டும். அதுக்காக 464-ஆ? ரெண்டு நாள் கழிச்சு கேட்டா கதை மாறிருச்சு. ஆன்லைன்ல வாங்கினது டூப்ளிகேட்டா இருக்கும்னான். அப்புறம் கம்பெனிலயே லாக் பண்ணிருக்கான், அன்லாக் பண்ண 1500 ஆகும், இல்லன்னா மொத்தமா ஃபார்மட் அடிக்கணும்னான். ஃபார்மட் அடிக்கிறதுக்கு நான் எதுக்கு குளோனிங்குக்கு காசு குடுத்தேன்?

1500-ஐ குடுத்து தொலைச்சிருப்பேன், நல்லவேளை அன்னைக்கு ராத்திரி துபாய்ல இருக்க அக்கா மகன்கிட்ட பொலம்பினேன். அங்க வாட்ஸ்அப் கால் போகாதே, வாய்ஸ் மெசேஜா போட்டுக்கிட்டு கெடந்தோம். "மாமா, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்க, வர்றத போட்டோ புடிச்சு அனுப்புங்க"ன்னான். திறந்தா கீழ டிஸ்க் 0-ன்னு ஒரு வரிசை, இடது ஓரத்துல மொத்தம் 1863 ஜிபின்னு இருக்கு. அப்ப டூப்ளிகேட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. சி டிரைவ், அத ஒட்டி சின்னதா ரெக்கவரின்னு ஒரு துண்டு (விண்டோஸ் கெட்டுப்போனா சரி பண்ண ஒதுக்கி வச்சது), அதுக்கப்புறம் கருப்புக் கோடு போட்டு 1397 ஜிபி அன்அலோகேட்டட். என் இடம் பூரா அங்க சும்மா கெடக்கு!

மருமகன் சொன்ன விளக்கம் இதான்: குளோனிங்னா பழைய டிஸ்க்ல பிரிச்சு வச்ச அளவையும் சேத்துத்தான் காப்பி அடிக்கும். மூணு சென்ட்ல இருந்த வீட்ட அப்படியே பன்னெண்டு சென்ட் மனைல கொண்டு வச்ச மாதிரி, மிச்ச இடத்துல வேலி போடுறது நம்ம வேலை. அந்த வேலிய போட்டுக் குடுக்கத்தான் கடைக்காரனுக்கு காசு.

சி மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்டெண்ட் வால்யூம் குடுக்கலாம்னா அது மங்கிப் போயி கிளிக்கே ஆகல. காலி இடம் சி-ய ஒட்டினாப்ல வலது பக்கம் இருந்தாத்தான் அது வேலை செய்யும், நடுவுல அந்த ரெக்கவரி துண்டு குறுக்க நிக்குது. பார்ட்டிஷன் சாஃப்ட்வேர் போட்டு அத கடைசிக்கு தள்ளலாமாம், ஆனா பாதில கரண்ட் போனா எல்லாம் போச்சுன்னான். நம்ம ஊரு கரண்ட நம்பி அத தொடல. கருப்பு இடத்துல ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு குடுத்தேன், புதுசா ஒரு டிரைவ் வந்து நின்னுச்சு. ரெண்டு நிமிசம் ஆச்சா என்னவோ. இதுக்கு 1500 ரூபா!

4 டிபி வாங்குறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: டிஸ்க்க எப்படி பிரிச்சிருக்குன்னு குறிச்சு வைக்கிற முறை ரெண்டு இருக்கு, பழசு எம்பிஆர், புதுசு ஜிபிடி. பழைய டிஸ்க் எம்பிஆர் முறைல இருந்தா, அதையே குளோன் பண்ணா 2048 ஜிபிக்கு மேல எந்த வழிலயும் சேராது, ஜிபிடிக்கு மாத்தியாகணும். கடைல மொதல்லயே கேட்டுக்கங்க.

இத விட வயித்த கலக்கினது பழைய டிஸ்க். சிபியுவ வாங்குறப்ப கேட்டதுக்கு "அது செத்துப்போச்சு பாய், ஸ்க்ராப்ல போட்டாச்சு"ன்னுட்டான், நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. எத்தனை வீட்டுப் பொம்பளைங்க போட்டோ அதுல இருக்கு, நம்மள நம்பித்தான கூப்புட்டாங்க. காலைல மொத பஸ்ஸுல போயி நின்னேன், செத்துப்போன டிஸ்க்ல இருந்து எப்படி தம்பி காப்பி எடுத்தேன்னு ஒரே கேள்விதான் கேட்டேன். மொகத்துல ஈயாடல. மேசை டிராயர திறந்து எடுத்து வச்சான், நான் ஒட்டின ஸ்டிக்கர் கூட அப்படியே இருந்துச்சு.

800 ரூபாய கேட்டேன், தரல. பழைய டிஸ்க் இப்ப வீட்ல பீரோவுக்குள்ள, உம்மாவோட சேலைக்கு அடியில.