கல்திட்டையா, கோட்டையா? கிருஷ்ணகிரிக்கு வரும் விருந்தாளியை எங்கே கூட்டிப் போவது?

கோடை விடுமுறைக்குச் சேலத்திலிருந்து அத்தை வந்து இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" அணையைக் காட்டியாகிவிட்டது. மாங்காய் மண்டியும் ஆயிற்று. மிச்சம் இரண்டு: மல்லச்சந்திரம் கல்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால அறைகள்), இராயக்கோட்டை மலைக்கோட்டை. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. போன சித்திரையில் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கும் போய்வந்தோம். இனி யார் வந்தாலும் முதலில் மல்லச்சந்திரம்தான்.

கோட்டையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1791-இல் மேஜர் கௌடியின் ஆங்கிலேயப் படை திப்பு சுல்தானிடமிருந்து பிடித்த மலை அது. மதில், இடிந்த கட்டடங்கள், மேலே காற்று எல்லாம் உண்டு. ஓடியாடும் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. அன்று இட்லி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குத்தான் ஏற ஆரம்பித்தோம். பாதி மலையிலேயே அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு இளைப்பாறியவர், மறுபடி மாட்டுவதற்குள் பாறையில் காலை மாற்றி மாற்றித் தூக்கினார். பத்து மணிக்கு அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. பாதியில் திரும்பினால் பார்த்ததாகவே ஆகாது, உச்சிவரை போனால் இறங்கும்போது உச்சிவெயில். விடியுமுன் கிளம்பினால் சரிதான். ஆனால் விருந்தாளி வீட்டில் அது நடக்கிற காரியமா?

மல்லச்சந்திரத்திலும் மொட்டைப் பாறைதான், அங்கேயும் நிழல் கிடையாது. ஆனால் ஏற்றம் குறைவு. ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஊரைத் தாண்டி ஏறினால் சீக்கிரமே முதல் திட்டை வந்துவிடுகிறது. அப்புறம் பாறை முழுக்க நூற்றுக்கும் மேல். கோட்டையில் பட்ட பாட்டுக்குப் பிறகு இங்கே ஆறரைக்கே போய்விட்டோம். எட்டரைக்குக் கீழே வந்து டீ குடித்தாகிவிட்டது.

அந்த நேரத்தில் போனதில் இன்னொரு லாபம். ஒரு திட்டையில் பக்கவாட்டுப் பலகை சாய்ந்து கிடந்தது. அந்த இடைவெளி வழியாக இளவெயில் சாய்ந்து விழுந்ததில், உள்பக்கக் கல்லில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. முதலில் சுண்ணாம்புக் கறை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ஒரு மனித உருவம், பக்கத்தில் விலங்கின் மேல் ஏறிய ஆள். உச்சிவெயிலில் போயிருந்தால் கண் கூசி அதைத் தவறவிட்டிருப்பேன்.

ஊர்க்காரர்களுக்கு அவை பாண்டவர் வீடு. அத்தை ஒரு திட்டையின் பக்கக் கல்லில் இருந்த வட்டத் துளையைச் சாண் போட்டு அளந்துவிட்டு, "பீமன் இதுல எப்படிடா நுழைஞ்சான்?" என்றார். இறந்தவர்களுக்காக இரும்புக்கால மக்கள் எழுப்பியவை என்று சொன்னதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். சுற்றிலும் பலகைக் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள், ஒன்று தலை வளைந்து உயரமாக, அடுத்தது தட்டையாகக் குட்டையாக. மூடுகல்லை எப்படித் தூக்கி வைத்தார்கள் என்று மாமா ரொம்ப நேரம் கணக்குப் போட்டார். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். அதை இந்தத் திட்டைகளின் வயது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்தப் பாறையில் நின்று சொன்னால் அத்தையும் காது கொடுத்துக் கேட்கிறார்.

ஐப்பசி மழையில் இரண்டுக்கும் நான் போனதில்லை, வழுக்குப் பாறை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தண்ணீரை மட்டும் இரண்டுக்கும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

மாமாவுக்குக் கோட்டை உச்சியைப் பார்க்காத குறை இன்னும் தீரவில்லை. "மார்கழியில வாங்க மாமா, அத்தையை வீட்ல விட்டுட்டுப் போலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.